ஓட்டுப் போட என்ன காட்டச் சொல்வது? நான்கு வழிகளும் அவற்றின் விலையும்

எஸ்.ஐ.ஆர். எனப்படும் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கான படிவம் வீடு வீடாக வந்ததிலிருந்து என்னிடம் ஒரே கேள்வியைப் பலர் கேட்டுவிட்டார்கள். நான் பள்ளி ஆசிரியர். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிப் பணியும் வந்துவிடும், அதனால் கேட்கிறார்கள். "இத்தனை ஆவணம் எதுக்கு சார்? ஆதாரை இணைச்சு கைரேகை வச்சா முடிஞ்சுதே" என்பவர் ஒரு பக்கம். "பேர் பட்டியல்ல இருக்கு, பூத் சிலிப் கையில இருக்கு, அப்புறம் அட்டை எதுக்கு?" என்பவர் இன்னொரு பக்கம். இரண்டு பேரின் பயமும் நியாயமானது. ஒருவர் கள்ள ஓட்டுக்குப் பயப்படுகிறார். மற்றவர் தன் ஓட்டே போய்விடுமோ என்று பயப்படுகிறார்.

எனக்கு இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் ஒரு பாட்டி நினைவுக்கு வருவார். ஒரு மக்களவைத் தேர்தலில் நான் தலைமை அலுவலராக இருந்த பூத். மதியம் இரண்டு மணி, நல்ல வெயில். கையில் பூத் சிலிப்பும் ரேஷன் ஸ்மார்ட் கார்டும் வைத்திருந்தார். ரேஷன் கார்டில் இருந்தது குடும்பத் தலைவியான மருமகளின் படம். வாக்காளர் அட்டை எங்கோ தொலைந்துவிட்டது. ஆதார் திருப்பூரில் மகனிடம். 100 நாள் வேலை அட்டை பணித்தளப் பொறுப்பாளரிடம். எங்கள் கையிலிருந்த பட்டியலில் அவர் படம் ஒரு கருப்புத் திட்டு, அவ்வளவுதான். எதிரெதிர்க் கட்சி ஏஜெண்டுகள் இரண்டு பேரும் ஒரே குரலில் "நம்ம தெருப் பாட்டிதான் சார்" என்றார்கள். எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் விதிப்படி என்னால் அனுமதிக்க முடியவில்லை. "போட்டோ ஒட்டின பேங்க் பாஸ்புக் இருந்தா எடுத்துட்டு வாங்கம்மா" என்றேன். "சரி சாமி" என்று போனார். கடைசி நேரம் வரை வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

நான்கு கேள்விகளை வைத்துக்கொள்ளலாம்.

முதல் கேள்வி, இந்த முறை எந்தக் கள்ள ஓட்டைத் தடுக்கிறது என்பது. ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோமே தவிர, அதில் பல வகை உண்டு. ஒருவர் பெயரில் இன்னொருவர் வந்து போடுவது, இறந்தவர் பெயரும் ஊரை விட்டுப் போனவர் பெயரும் பட்டியலிலேயே கிடப்பது, ஒரே ஆள் இரண்டு ஊரில் பெயர் வைத்திருப்பது, பூத்தையே கைப்பற்றி மொத்தமாகக் குத்துவது. அடையாள ஆவணம் நேரடியாகத் தடுப்பது முதல் வகையை மட்டும். காசு வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடுகிறவர் தன் சொந்த அட்டையோடுதான் வருவார். அவரை எந்த அட்டையும் தடுக்காது.

இரண்டாவது, உண்மையான வாக்காளர்களில் யாரைத் திருப்பி அனுப்புகிறது? எத்தனை பேர் என்பதோடு யார் என்பதும் முக்கியம். மூன்றாவது, செலவு யார் தலையில் விழுகிறது? பஸ் கட்டணம், ஒரு நாள் கூலி, ஜெராக்ஸ், தாலுகா அலுவலகத்தில் காத்திருப்பது எல்லாம் செலவுதான்.

நான்காவது எனக்கு மற்ற மூன்றையும் விடப் பெரியது. தவறு நடந்துவிட்டால் அன்றே, வாக்குப்பதிவு முடிவதற்குள், சரிசெய்ய முடியுமா? மற்ற எல்லா அலுவலகத்துக்கும் நாளை என்று ஒன்று உண்டு. வாக்குச்சாவடிக்குக் கிடையாது.

## வழி 1: ஒரே அட்டை, அல்லது மிகக் குறுகிய பட்டியல்

இந்தியாவில் புகைப்பட வாக்காளர் அட்டை 1993-இல் வந்தது. தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த டி.என். சேஷன் தமிழ்நாட்டுப் பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரி. அட்டை தராவிட்டால் தேர்தலே இல்லை என்று அரசுகளோடு மல்லுக்கு நின்றார். அதற்கு முன்னால் சிலிப்பைக் காட்டி யார் வேண்டுமானாலும் யார் பெயரையும் சொல்லலாம் என்ற நிலை இருந்தது. எட்டு மணிக்கு வந்தவரிடம் "உங்க ஓட்டு போட்டாச்சே" என்று சொன்ன கதைகள் என் அப்பா தலைமுறையில் ஏராளம். அந்தக் காலத்துக்கு அந்தப் பிடிவாதம் தேவைப்பட்டது.

ஒரே அட்டை என்றால் வரிசை வேகமாக நகரும், அலுவலருக்குக் குழப்பம் இல்லை. ஆனால் அட்டை இலவசம் என்பதால் அதை வாங்குவதும் இலவசம் ஆகிவிடாது. வீடு மாறினால் அலைய வேண்டும். வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் முன்னால் தொலைந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

பிரிட்டன் 2022-இல் சட்டம் போட்டு, 2023 மே மாதம் இங்கிலாந்து உள்ளாட்சித் தேர்தலில் முதன்முறையாகப் புகைப்பட அடையாளம் கேட்டது. அந்தத் தேர்தலில் சுமார் 14,000 பேர் சரியான அடையாளம் இல்லாமல் திரும்பிப் போய், மறுபடி வரவே இல்லை. 2024 பொதுத் தேர்தலில் சுமார் 16,000 பேர். வந்தவர்களில் இது 0.08 விழுக்காடுதான். ஆனால் அந்தத் தேர்தலில் வாக்களிக்காதவர்களிடம் தேர்தல் ஆணையம் கேட்டபோது, சுமார் 4 விழுக்காட்டினர் அடையாள விதியைக் காரணமாகச் சொன்னார்கள். வாசலில் எண்ணுவது வாசல் வரை வந்தவர்களைத்தான். வீட்டிலேயே இருந்துவிட்டவர் கணக்கு வேறு.

குறுகிய பட்டியலில் இன்னொரு ஆபத்து, பட்டியலை எழுதுகிறவர் கை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது. டெக்சாஸ் மாநிலம் 2011-இல் போட்ட சட்டத்தில் துப்பாக்கி உரிமம் செல்லும், கல்லூரி மாணவர் அட்டை செல்லாது. பிரிட்டனில் முதியோர் பஸ் பாஸ் செல்லும், இளைஞர்களின் ரயில் சலுகை அட்டை செல்லாது. இரண்டிலும் படம் இருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2008 முதல் 2018 வரையிலான தேர்தல்களை ஆராய்ந்த காந்தோனி, பான்ஸ் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள், கடுமையான அடையாளச் சட்டங்களால் மொத்த வாக்குப்பதிவு குறிப்பிடும்படி குறையவில்லை என்று கண்டார்கள். மோசடி குறைந்ததாகவும் அவர்களுக்குத் தென்படவில்லை. இரண்டு தரப்பும் சத்தம் போடும் அளவுக்கு விளைவு இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. மொத்த எண்ணிக்கை அசையாவிட்டாலும், திரும்பிப் போன தனி மனிதருக்கு அது முழு இழப்புதான்.

இந்த வழி எங்கே சரி? ஆள்மாறாட்டம் உண்மையிலேயே பெருகி, அரசே எல்லோருக்கும் அட்டையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடத்தில். வட அயர்லாந்து 2003 முதல் புகைப்பட அடையாளம் கேட்கிறது, அதற்காகவே இலவச அட்டையும் தருகிறது. இலங்கையிலும் அடையாளம் கட்டாயம். மலையகத் தோட்டங்களில் பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் தேசிய அடையாள அட்டை எடுக்க முடியாமல் தலைமுறையாகத் தவித்தவர்கள் நம் மக்கள். அவர்களைப் போன்றவர்களுக்குக் கிராம அலுவலர் வழியாகத் தேர்தலுக்கென்று தற்காலிக அடையாள அட்டை தரும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. அது இல்லாமல் அட்டையைக் கட்டாயமாக்கியிருந்தால் கொடுமையாகியிருக்கும்.

## வழி 2: பல ஆவணங்களில் ஏதாவது ஒன்று

இப்போது நம்மிடம் இருப்பது இதுதான். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்காளர் அட்டை இல்லாதவர்களுக்கு 12 மாற்று ஆவணங்கள்: ஆதார், 100 நாள் வேலை அட்டை, படம் ஒட்டிய வங்கி அல்லது தபால் அலுவலக பாஸ்புக், தொழிலாளர் அமைச்சகத் திட்டத்தின் மருத்துவக் காப்பீட்டு அட்டை, டிரைவிங் லைசென்ஸ், பான் கார்டு, மக்கள்தொகைப் பதிவேட்டு ஸ்மார்ட் கார்டு, பாஸ்போர்ட், படத்துடன் கூடிய பென்ஷன் ஆவணம், அரசு மற்றும் பொதுத்துறை, பொதுப் பங்கு நிறுவன ஊழியர் அட்டை, எம்.பி., எம்.எல்.ஏ.க்களின் அட்டை, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அட்டை.

நடைமுறையில் இது இரக்கமான முறை. அட்டையில் பெயர் எழுத்துப் பிழையா, பரவாயில்லை, ஆள் அவர்தான் என்று தெரிந்தால் போதும். வேறு தொகுதியில் வாங்கிய பழைய வாக்காளர் அட்டையா, இந்த பூத் பட்டியலில் பெயர் இருந்தால் செல்லும். மாற்று ஆவணம் காட்டினால், வாக்காளர்கள் கையெழுத்திடும் 17ஏ பதிவேட்டில் அதன் கடைசி நான்கு எண்களைக் குறித்துக்கொள்வோம். பின்னால் கேள்வி வந்தால் தடயம் இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு, பட்டியல் மக்களுக்குத் தெரியாமல் இருப்பது. நம் ஊரில் அரசு அட்டை என்றாலே ரேஷன் கார்டுதான். அது இந்தப் பன்னிரண்டில் இல்லை. அதில் குடும்பத் தலைவர் படம் மட்டும் இருப்பதால், மற்றவர்களை அதை வைத்து அடையாளம் காண முடியாது என்பதும் உண்மை. இன்னொரு குழப்பம் பூத் சிலிப். கொஞ்ச காலம் படம் போட்ட சிலிப்பையே அடையாளமாக ஏற்றார்கள், 2019 தேர்தலுக்கு முன் நிறுத்திவிட்டார்கள். இப்போது வருவது படமில்லாத தகவல் சீட்டு. இருந்தும் இன்றுவரை சிலிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் ஒவ்வொரு பூத்திலும் உண்டு. வெளிநாட்டில் வேலை பார்த்து 6ஏ படிவத்தில் பதிந்தவர்களுக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் வர வேண்டும். துபாயிலிருந்து டிக்கெட் போட்டு வருகிறவர்கள் இதை மறந்துவிட வேண்டாம்.

பரந்த நாடு, பல மொழி, வேலைக்காக இடம் மாறுகிறவர்கள் ஏராளம் என்ற சூழலுக்கு இந்த வழிதான் பொருந்துகிறது. ஆனால் நான்காவது கேள்வியில் தடுக்கி விழுகிறது. பன்னிரண்டும் இல்லாதவருக்குப் பதிமூன்றாவதாக ஒரு கதவு இல்லை. பாட்டி போனது அப்படித்தான்.

## வழி 3: பட்டியலும் சாட்சியும்

கனடாவில் அடையாளம் எதுவும் இல்லாமல் வந்தால் ஒரு வழி இருக்கிறது. அதே வாக்குச்சாவடியைச் சேர்ந்த, அடையாளம் உள்ள இன்னொரு வாக்காளர் "இவரை எனக்குத் தெரியும்" என்று உறுதிமொழி தரலாம். ஒருவர் ஒருவருக்கு மட்டுமே சாட்சி நிற்க முடியும். 2014-இல் ஒரு சட்டம் போட்டு இதை எடுத்தார்கள், 2018-இல் இன்னொரு சட்டம் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்கள். எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நமக்கு இது அந்நியமானதும் அல்ல. பூத்தில் முதல் அலுவலர் பெயரையும் வரிசை எண்ணையும் உரக்கப் படிப்பதே ஏஜெண்டுகள் கேட்கத்தான். சந்தேகம் இருந்தால் ஏஜெண்ட் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். தலைமை அலுவலர் அங்கேயே விசாரிக்க வேண்டும். ஆட்சேபணை நிற்கவில்லை என்றால் வாக்காளர் ஓட்டுப் போடலாம். 2 ரூபாய் இன்று ஒரு டீக்குக்கூடக் காணாது, ஆனால் அதில் இருக்கும் யோசனை பெரியது: சந்தேகப்படுகிறவர்தான் முதலில் காரணம் காட்ட வேண்டும். போதாததற்கு, 2009-இலிருந்து பெரும்பாலான மாநிலங்களில் பட்டியலிலேயே படம் இருக்கிறது. அந்தப் படம் தெளிவாக இருந்தாலே பாதிப் பேருக்கு வேறு ஆவணம் தேவைப்படாது.

இதன் மறைவான விலையை நம் ஊரில் வாழ்ந்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். சாட்சி சொல்ல யார் வருவார்? ஊரில் செல்வாக்குள்ளவர். காலனியில் இருப்பவர் ஓட்டுப் போட ஊர்த் தெருக்காரர் வாயைத் திறக்க வேண்டும் என்ற நிலை வந்தால், அது ஓட்டுரிமையை அடகு வைத்த மாதிரிதான். கனடாவின் ஒருவருக்கு ஒருவர் என்ற கட்டுப்பாடு இதைக் கொஞ்சம் தடுக்கும், முழுதாகத் தடுக்காது. நகரத்தில் சிக்கல் வேறு மாதிரி. அடுக்குமாடியில் எதிர் வீட்டுக்காரர் பெயரே தெரியாதபோது எங்கே போய் சாட்சி தேடுவது? ஆகவே இதையே முழு முறையாக வைத்தால் சின்னக் கிராமத்தில் மட்டும்தான் ஓடும். கடைசிக் கதவாக வைத்தால் எங்கும் பயன்படும்.

## வழி 4: ஆதாரும் கைரேகையும்

கேட்கச் சுலபமாக இருப்பது இதுதான். ஒரு விரல், ஒரு மனிதர், ஒரு ஓட்டு. இரட்டைப் பதிவைக் கண்டுபிடிக்க இதைவிடக் கூர்மையான கருவி இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2021 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 6பி படிவம் வழியாக ஆதார் எண் வாங்குகிறார்கள். அது கட்டாயமல்ல என்று தேர்தல் ஆணையமே 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது.

எனக்குள்ள தயக்கம் ரேஷன் கடையில் பிறந்தது. தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில் கடைகளில் கைரேகை வந்தது. என் அம்மாவோடு போய் நின்றிருக்கிறேன். கட்டைவிரலை வைப்பார், மெஷின் ஏற்காது. சேலைத் தலைப்பில் துடைத்து மறுபடி வைப்பார். ஆள்காட்டி விரல், நடுவிரல், இடது கை. பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த கை அது. செங்கல் சூளையில், கட்டட வேலையில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான். சில நாள் சர்வர் இருக்காது. கடைக்காரர் "நாளைக்கு வாங்கம்மா" என்பார், நாங்களும் அடுத்த நாள் போவோம். அரிசி அடுத்த நாளும் கிடைத்தது. ஓட்டு அப்படிக் கிடைக்காது.

இணைப்பைப் பட்டியல் வேலைக்குப் பயன்படுத்தினாலும் ஆபத்து உண்டு. 2015-இல் ஆதார் இணைப்பு இயக்கமாக நடந்து, உச்ச நீதிமன்ற உத்தரவால் அந்த ஆண்டே நின்றது. 2018-இல் தெலங்கானா சட்டமன்றத் தேர்தலன்று ஏராளமானோர் பெயர் இல்லை என்று திரும்பினார்கள், மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி மன்னிப்புக் கேட்டார். அந்த இணைப்பை வைத்துப் பெயர்களை நீக்கியதுதான் காரணம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. இன்னொன்று, ஆதார் இங்கே வசிப்பவருக்குத் தரப்படுவது, அது குடியுரிமைச் சான்று அல்ல. கள்ளக் குடியேற்றத்தைத் தடுக்க ஆதார் என்று வாதாடுகிறவர்கள் தவறான கருவியைக் கையில் எடுக்கிறார்கள்.

இரட்டைப் பதிவு இருப்பதாகச் சந்தேகம் வந்த இடத்தில், நேரில் விசாரிப்பதற்கு முன் ஒரு துப்பாக இது நல்லது. வாக்குப்பதிவு நாளில் வாசலில் வேண்டவே வேண்டாம்.

## வாசலுக்கு முன்னால் ஒரு வாசல்

இத்தனை நேரம் பூத் வாசலைப் பற்றிப் பேசினோம். உண்மையான சண்டை அதற்கு முன்னாலேயே, பட்டியலில் நடக்கிறது. பட்டியலில் பெயர் இல்லாதவர் பன்னிரண்டு ஆவணங்களையும் பரப்பி வைத்தாலும் ஓட்டுப் போட முடியாது.

பீகாரில் 2025-இல் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் சுமார் 65 லட்சம் பெயர்கள் வரைவுப் பட்டியலில் இல்லை. முதலில் ஏற்ற 11 ஆவணங்களில் ஆதாரும் இல்லை, வாக்காளர் அட்டையும் இல்லை. நீக்கப்பட்டவர் பட்டியலைக் காரணத்தோடு வெளியிடச் சொன்னது உச்ச நீதிமன்றம். ஆதாரை அடையாளத்துக்கான 12-ஆவது ஆவணமாகச் சேர்க்கச் சொன்னதும் அதுதான். தமிழ்நாட்டில் 2025 டிசம்பர் 19-இல் வந்த வரைவுப் பட்டியலில் 6.41 கோடி 5.43 கோடி ஆனது. நீங்கியவர்களில் சுமார் 27 லட்சம் பேர் இறந்தவர்கள். அது நல்ல வேலை, மனதாரச் சொல்கிறேன். இறந்தவர் பெயரில் விழும் ஓட்டை எந்த அட்டையையும் விட அது நன்றாகத் தடுக்கும். ஆனால் இடம் மாறியவர், முகவரியில் இல்லாதவர் என்று சுமார் 66 லட்சம் பேர். வாடகை வீட்டுக்காரரும், வேலைக்குப் போயிருந்தபோது கதவு தட்டப்பட்டவரும் இந்தக் கட்டத்தில் விழக்கூடியவர்கள். இவர்களுக்குப் புதிதாக 6-ஆம் படிவம், இடம் மாறினால் 8-ஆம் படிவம் என்று வழி இருக்கிறது. அந்த வழியில் போக ஒரு நாள் கூலி வேண்டும்.

## நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

இரண்டாம் வழியை வைத்துக்கொண்டு, மூன்றாம் வழியைக் கடைசிக் கதவாகச் சேர்ப்பேன். சந்தேகம் உள்ள இடத்தில் மட்டும் கடுமை வேண்டும். இதற்கு முன்மாதிரி நம் பூத்திலேயே இருக்கிறது. வராதவர், இடம் மாறியவர், இறந்தவர் என்று ஏ.எஸ்.டி. பட்டியல் ஒன்று எங்களுக்குத் தருவார்கள். அதில் பெயர் உள்ளவர் வந்தால் ஆவணத்தைக் கூர்ந்து பார்ப்போம், கையெழுத்தோடு பெருவிரல் ரேகையும் வாங்குவோம். மற்றவர்களை அப்படிப் படுத்துவதில்லை.

அதேபோல, ஏ.எஸ்.டி.யில் இல்லாத, ஆவணமும் இல்லாத ஒருவர் வந்தால், அதே பூத் பட்டியலில் உள்ள ஒரு வாக்காளரின் எழுத்துபூர்வ உறுதிமொழியும், வெளியே உதவி மேசையில் உட்கார்ந்திருக்கும் பி.எல்.ஓ.வின் (அந்த பூத்தின் பட்டியல் வேலையைப் பார்க்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலர்) ஒப்புதலும் போதும் என்று வைக்கலாம். ஒருவர் ஒருவருக்கு மட்டும். எந்த ஏஜெண்டும் ஆட்சேபித்தால் உடனே விசாரணை. பி.எல்.ஓ. அரசு ஊழியர் என்பதால் ஊர்ப் பெரியவர் தயவு தேவைப்படாது. பொய் சொன்னால் ஆள்மாறாட்டத்துக்குச் சட்டத்தில் சிறைத் தண்டனை ஏற்கெனவே இருக்கிறது.

முதல் வழியை விரும்புகிறவர்களிடம் ஒன்று கேட்பேன்: அட்டை தொலைந்தவருக்கு அன்றே மாற்று அட்டை தர முடியுமா? முடியும் என்றால் பேசலாம். நான்காம் வழியை விரும்புகிறவர்களை ஒரு மாதக் கடைசியில் ரேஷன் கடை வரிசையில் அரை மணி நேரம் நிற்கச் சொல்வேன்.

எந்த வழியானாலும் பிரிட்டனிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே ஆவணம் இல்லாமல் திரும்பியவர்களை பூத்திலேயே எண்ணுகிறார்கள், எத்தனை பேர் மறுபடி வந்தார்கள் என்றும் எண்ணி வெளியிடுகிறார்கள். இங்கே அப்படி ஒரு கணக்கு வெளியாவதில்லை. வேறொருவர் தன் பெயரில் போட்டுவிட்டால் தனிச் சீட்டில் டெண்டர் வாக்கு உண்டு, அதற்கு 17பி படிவம் உண்டு, உறை உண்டு. ஆவணம் இல்லாமல் திரும்பியவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. பாட்டி வந்துபோன அன்று இரவு நான் எல்லாப் படிவத்தையும் நிரப்பி, அரக்கு வைத்து, வண்டியில் ஏற்றி அனுப்பினேன். பதிவான ஓட்டும் 17ஏ பதிவேடும் ஒன்றுக்கொன்று சரியாக இருந்தன. பாட்டியின் பெயர் இருந்த வரியில் டிக் அடிக்காமல் இருந்தது. அன்றைக்கு வீட்டை விட்டே வராதவர்களின் வரியும் அப்படித்தான் இருந்தது.